கண்காணிப்புக் காமிரா: வாங்குமுன் சங்கங்கள் அறிய வேண்டுவன

நெசவாளர் சங்கத்தின் கிடங்கிலே இருக்கும் நூலும் ஜரிகையும், விளைவிப்போர் சங்கத்தின் கிடங்கிலே இருக்கும் மஞ்சளும் நிலக்கடலையும் தனி ஒருவருடைய உடைமை அல்ல. அவற்றில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் பங்கு உண்டு. ஒரு கட்டு ஜரிகை காணாமற் போனால் அந்த நட்டம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டுவிடும். ஆனால் முடிவில் அது அங்கத்தினருடைய ஈவுத் தொகையிலும் போனசிலும்தான் வந்து விழும். ஆகவே சங்கத்தின் சரக்கைக் காப்பது நிர்வாகக் குழுவின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கடமைக்குத் துணையாகக் கண்காணிப்புக் காமிராக்களைப் பொருத்தும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. ஆனால் அவற்றை வாங்கும்போது, "எத்தனை காமிரா? என்ன விலை?" என்னும் இரண்டு கேள்விகளுடன் ஆலோசனை பெரும்பாலும் முடிந்து விடுகிறது. "இந்தப் படம் நமக்கு எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்?" என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. அதைக் கேட்டுக் கொண்டால் மற்ற விஷயங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவு பெறும். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

சாதனம் பிறந்த வரலாறு

தொலைவிலிருந்து பார்க்கும் காமிராவை 1942-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் பீனமுண்டே என்னும் இடத்தில் ராக்கெட் சோதனைகளைக் கவனிப்பதற்காக அமைத்தனர். அபாயம் மிகுந்த இடத்தில் மனிதன் நிற்காமலே பார்க்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. பின்னர் நியூயார்க் நகரில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், தம் கணவருடன் சேர்ந்து, வீட்டு வாசலில் நிற்பவரை உள்ளிருந்தே காணும் அமைப்பு ஒன்றை வகுத்தார். அதற்கு 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். வாசலில் நிற்பவர் யார் என்று கதவைத் திறக்குமுன் தெரிய வேண்டும் என்பதே அவருடைய கேள்வி. இவ்விருவகை அமைப்புகளும் ஒரு தெளிவான கேள்வியிலிருந்தே பிறந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் எழுத வேண்டிய பட்டியல்

காமிரா வியாபாரியை அழைப்பதற்கு முன்பு, நிர்வாகக் குழுவினர் ஒரு தாளை எடுத்துக் கொண்டு சங்க வளாகத்தைச் சுற்றி வருவது நலம். ஒவ்வோர் இடத்திலும் நின்று, அங்கே என்ன தெரிய வேண்டும் என்று எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நெசவாளர் சங்கத்தில் பட்டியல் பின்வருமாறு அமையலாம்.

நூற்கிடங்கின் வாயில்: உள்ளே சென்றவர், வெளியே வந்தவர் யாவர் என்று முகம் தெரிய வேண்டும். எடை மேடை: பாவும் ஊடையும் நிறுத்துக் கொடுக்கும்போதும், நெய்த துணியை நிறுத்துப் பெறும்போதும் தராசில் தோன்றும் எண் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். விற்பனைக் கூடம்: யார் எந்தப் பக்கம் சென்றார், எந்த அலமாரி திறக்கப்பட்டது என்று பொதுவாகத் தெரிந்தால் போதும். சுற்றுச் சுவர்: இரவிலே எவரேனும் நடமாடுகிறாரா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இந்நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒரே வகைக் காமிராவை நான்கு இடத்திலும் மாட்டினால் சில இடங்களில் பணம் வீணாகும். வேறு சில இடங்களில் படம் வீணாகும்.

ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளி?

காமிராவின் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. இப்புள்ளிகளுக்குப் பிக்சல் என்று பெயர். பத்து லட்சம் பிக்சல் கொண்டது ஒரு மெகாபிக்சல். இரண்டு மெகாபிக்சல் காமிரா எனப்படுவது குறுக்கே 1920 புள்ளிகளும், நெடுக்கே 1080 புள்ளிகளும் கொண்ட படத்தைத் தருகிறது. எட்டு மெகாபிக்சல் காமிராவில் குறுக்கே 3840 புள்ளிகள் உண்டு.

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. துணியின் தரத்தை மொத்தம் எத்தனை இழை என்று கேட்டு யாரும் மதிப்பிடுவதில்லை. ஓர் அங்குலத்திற்கு எத்தனை இழை என்றே பார்க்கிறோம். அதே இழையை இருமடங்கு அகலத்திற்குப் பரப்பினால் துணி சல்லடையாகி விடும். காமிராவிலும் அப்படியே. மொத்தம் எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்திற்கு எத்தனை புள்ளிகள் கிடைக்கின்றன என்பதே முக்கியம்.

இதற்கென்றே சர்வதேச மின்தொழில் நுட்ப ஆணையத்தின் 62676 என்னும் நியமத்தின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் அளவுகள் வகுக்கப்பட்டிருந்தன. ஒரு மீட்டருக்கு 25 புள்ளிகள் இருந்தால் அங்கே ஆள் இருப்பது தெரியும். 62.5 புள்ளிகள் இருந்தால் அவருடைய உடை, நடை முதலியவற்றைக் கவனிக்கலாம். 125 புள்ளிகள் இருந்தால் முன்பே நமக்குப் பழக்கமானவரை இன்னார் என்று கண்டு கொள்ளலாம். 250 புள்ளிகள் இருந்தால் அறிமுகமில்லாதவருடைய முகத்தையும் ஐயமின்றி அடையாளம் காணலாம். எழுத்தையும் எண்ணையும் நுணுகிப் பார்ப்பதற்கு 1000 புள்ளிகள் வேண்டும்.

இப்போது கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு மெகாபிக்சல் காமிராவின் 1920 புள்ளிகளை 250-ஆல் வகுத்தால் 7.68 வரும். அதாவது, காட்சியின் அகலம் ஏறக்குறைய ஏழரை மீட்டருக்குள் இருந்தால்தான் அந்தக் காமிராவால் முகத்தை அடையாளம் காட்ட முடியும். அதே காமிரா எடை மேடையின் எண்ணைப் படித்துக் காட்ட வேண்டுமாயின், காட்சியின் அகலம் இரண்டு மீட்டரைத் தாண்டலாகாது. ஆனால் சுற்றுச் சுவரோரம் ஆள் நடமாட்டம் மட்டும் தெரிந்தால் போதுமெனில், 75 மீட்டர் அகலம் வரை அதுவே போதும். இவை நல்ல வெளிச்சத்திற்கும் சரியாகப் பொருத்தப்பட்ட காமிராவிற்கும் உரிய அளவுகள். இருளிலும் தூசியிலும் பயன் குறையும்.

பதிவான படத்தைப் பின்னர் பெரிதாக்கிப் பார்த்துக் கொள்ளலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. இழை இல்லாத இடத்தில் இழுத்துப் பார்த்தால் இழை வருமா? பதிவாகாத புள்ளியைப் பெரிதாக்கும் வித்தை எதுவும் இல்லை.

லென்ஸும் தூரமும்

காட்சியின் அகலத்தை நிர்ணயிப்பது லென்ஸ். லென்ஸின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்படும். சிறிய எண் அகன்ற காட்சியைத் தரும். பெரிய எண் குறுகிய காட்சியைத் தந்து, தூரத்துப் பொருளை அருகே கொண்டு வரும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் காமிராக்களில், 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழத் தூரத்தைப் போல் இருமடங்கு அகலத்தைக் காட்டும். 4 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் ஒன்றரை மடங்கும், 6 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறையத் தூரத்திற்குச் சமமான அகலமும், 12 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் பாதியும் காட்டும்.

ஆகவே, 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட இரண்டு மெகாபிக்சல் காமிராவால் சுமார் நான்கு மீட்டர் தூரம் வரையில்தான் முகத்தைத் தெளிவாகக் காட்ட இயலும். இருபது மீட்டருக்கு அப்பாலுள்ள வெளிவாயிலை அதனால் பார்த்தால் அங்கே காட்சியின் அகலம் நாற்பது மீட்டர். மீட்டருக்குக் கிடைப்பவை 48 புள்ளிகளே. ஆள் வந்தது தெரியும். ஆள் யார் என்று தெரியாது. பெட்டியின் மேல் "30 மீட்டர்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். அது பெரும்பாலும் இரவில் காமிராவின் விளக்கொளி எட்டும் தூரமேயன்றி, முகம் தெரியும் தூரம் அன்று.

காமிராவை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்பதும் கருதத் தக்கது. திருடன் கைக்கு எட்டலாகாது என்று நான்கு மீட்டர் உயரத்தில் வாயிலுக்கு நேர் மேலே மாட்டினால், முண்டாசும் உச்சந்தலையுமே பதிவாகும். முகம் வேண்டிய இடத்தில் சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில், சற்றுத் தள்ளி, வருபவருடைய முகத்தை நோக்கி மாட்டுவதே முறை.

ஒளியும் இருளும்

பகலில் கிடங்கு உள்ளே இருண்டும், திறந்த வாயிலுக்கு வெளியே வெயில் எரித்தும் இருக்கும். இத்தகைய இடத்தில் சாதாரணக் காமிரா, நுழைபவரை முகமற்ற கரிய நிழலாகவே காட்டும். மிகுந்த ஒளியையும் குறைந்த ஒளியையும் ஒருங்கே சமன் செய்யும் ஆற்றல் "வைட் டைனமிக் ரேஞ்ச்" என்று கூறப்படும். வாயிற்காமிராவிற்கு இவ்வாற்றல் இருத்தல் அவசியம். செயல்படுகிறதா என்பதை நண்பகலில் கதவைத் திறந்து வைத்துச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.

இரவிலே பெரும்பாலான காமிராக்கள், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசிப் படம் எடுக்கின்றன. அப்போது படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். துணி வியாபாரம் செய்யும் நமக்கு இது மிக முக்கியமான விஷயம். அகச்சிவப்பு ஒளியில் சிவப்புப் புடவையையும் பச்சைப் புடவையையும் பிரித்தறிய முடியாது. சாயமேற்றிய கறுப்புத் துணிகள் பல அந்த ஒளியில் வெளிர் நிறமாகத் தோன்றுவதும் உண்டு. "வெள்ளைச் சட்டை அணிந்தவர்" என்று இரவுப் படத்தைப் பார்த்து ஒருவரைச் சுட்டுவது பெரும் பிழையாக முடியலாம். நிறம் தெரிய வேண்டிய இடத்தில் இரவு முழுவதும் ஒரு சிறு விளக்கை எரிய விடுவது, விலையுயர்ந்த காமிராவைவிடப் பயன் தரும்.

அகச்சிவப்பு விளக்கிலும் இருவகை உண்டு. 850 நானோமீட்டர் வகை உற்று நோக்கினால் மங்கிய சிவப்பாகத் தெரியும். அதிகத் தூரம் எட்டும். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது. எட்டும் தூரமும் குறைவு. சங்க வளாகத்திற்கு முதல் வகையே பெரும்பாலும் பொருந்தும். காமிராவின் முகப்பில் சிலந்தி கூடு கட்டினால் அந்த வலையே ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தை மறைத்துவிடும். நூற்கிடங்கில் மிதக்கும் பஞ்சுத் தூசியும் அவ்வாறே செய்யும். வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

நீரும் புகையும்

வெளியில் மாட்டும் காமிராவில் "ஐ.பி. 66" அல்லது "ஐ.பி. 67" என்ற குறி இருத்தல் வேண்டும். முதல் 6 தூசி புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண், 6 ஆயின் வேகமாகப் பீய்ச்சும் நீரையும், 7 ஆயின் சிறிது நேரம் நீரில் மூழ்குவதையும் தாங்கும் என்று பொருள்.

விளைவிப்போர் சங்கங்கள் மற்றொன்றையும் நினைவில் இருத்த வேண்டும். தானியத்தையும் மஞ்சளையும் பூச்சியிலிருந்து காக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை இட்டுக் கிடங்கை மூடுகிறோம். அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும் தன்மையுடையது. காமிராவின் உள்ளேயுள்ள மின்னணு உறுப்புகளும் இணைப்புகளும் அதனால் பழுதுபடும். ஆகையால் அத்தகைய கிடங்குகளில் காமிராவை உள்ளே மாட்டாமல், வாயிலை நோக்கி வெளியே மாட்டுவது உசிதம்.

நூற்கிடங்கில் அபாயம் வேறு வகையானது. மின் கசிவால் எழும் ஒரு பொறி போதும். கம்பிகள் யாவும் குழாய்க்குள் செல்ல வேண்டும். பதிவு யந்திரத்தைக் கிடங்கிற்குள் வைத்தல் கூடவே கூடாது.

கம்பியில் இரு முறைகள் உள்ளன. பழைய முறையில் கோஆக்சியல் கேபிள் வழியே படம் சென்று டி.வி.ஆர். என்னும் யந்திரத்தில் பதிவாகும். செலவு குறைவு, முன்பே கேபிள் போட்டுள்ள சங்கங்கள் அதனைத் தொடரலாம். புதிய முறையில் கணினி வலைக் கேபிள் வழியே படம் சென்று என்.வி.ஆர். யந்திரத்தில் பதிவாகும். ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் செல்வது இதன் அனுகூலம். ஆனால் இந்தக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் நீளலாகாது. நீண்டால் இடையே ஒரு கருவி வேண்டும்.

எத்தனை நாள் பதிவு வேண்டும்?

நமது சங்கங்களில் இருப்புச் சரக்கு மாதம் ஒருமுறை சரிபார்க்கப்படுவதாக வைத்துக் கொள்வோம். குறைவு கண்டுபிடிக்கப்படுவது மாத முடிவில். பதிவு யந்திரத்தில் ஏழு நாள் படமே தங்குமாயின், முதல் மூன்று வாரங்களில் நடந்தவை அழிந்து போயிருக்கும். ஆகவே பதிவு எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது சரக்கைச் சரிபார்க்கும் கால அளவேயாகும். மாதம் ஒருமுறை சரிபார்ப்பவருக்கு நாற்பது நாளாவது வேண்டும். அல்லது, வாரம் ஒருமுறை சரிபார்க்கத் தொடங்கினால் குறைந்த பதிவே போதும், செலவும் மிச்சம்.

இதற்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு காமிரா ஒரு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் இடம் பிடிக்கும். 4 மெகாபிட் வீதமாயின் 43.2 ஜிகாபைட். நான்கு காமிராக்கள் 2 மெகாபிட் வீதம் நாற்பது நாள் பதிவு செய்ய 3,456 ஜிகாபைட் வேண்டும். ஆதலால் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் பொருந்தும். படத்தைச் சுருக்கிப் பதிவதற்கு 2003-இல் வெளிவந்த ஹெச்.264 முறையும், 2013-இல் வெளிவந்த ஹெச்.265 முறையும் வழக்கில் உள்ளன. பின்னது அதே தரத்திற்கு ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கும். இரவு பகலாக ஓயாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கணினிக்குரியது இந்த உழைப்பிற்கென்று செய்யப்பட்டதன்று.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

ஒரு சங்கத்தில் பின்வருமாறு நேர்ந்ததாகக் கற்பனை செய்து கொள்வோம். மாத முடிவில் ஜரிகைப் பெட்டி ஒன்று குறைகிறது. பதிவைப் பார்த்தபோது, ஒரு நாள் இரவு 9 மணி 10 நிமிடத்திற்கு ஒருவர் பொட்டலத்துடன் வெளியேறுவது தெரிகிறது. முகம் தெரியவில்லை. வேலைப் பதிவேட்டின்படி 9 மணிக்குப் பிறகு வளாகத்தில் இருந்தவர் இரவுக் காவற்காரர் ஒருவரே. குற்றம் அவர்மேல் விழுகிறது. ஆனால் யந்திரத்தின் கடிகாரம் நாற்பது நிமிடம் முந்திச் சென்று கொண்டிருந்தது. உண்மையான நேரம் 8 மணி 30 நிமிடம். அப்போது அந்தக் காவற்காரர் வேலைக்கே வந்திருக்கவில்லை.

முகம் தெரியாத படமும் தவறான கடிகாரமும் சேர்ந்தால் ஓர் ஏழையின் பிழைப்பும் மானமும் பறிபோகும். காமிரா இல்லாதிருந்தால், "யாரென்று தெரியாது" என்று நிர்வாகம் நிதானமாக விசாரித்திருக்கும். படம் இருக்கிறது என்ற துணிவே அநீதிக்கு வழி காட்டிவிட்டது. ஆதலின் அரைகுறைக் காமிரா, இல்லாத காமிராவைவிடத் தீங்கானது என்பதை உணர வேண்டும்.

இதற்குப் பரிகாரம் எளிது. இணையத் தொடர்பு உள்ள இடத்தில் யந்திரத்தின் கடிகாரம் தானே திருத்திக் கொள்ளுமாறு அமைக்கலாம். இல்லாத இடத்தில், வாரம் ஒரு நாள் ஊழியர் ஒருவர் யந்திரத்தின் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். யந்திரத்தின் உள்ளேயுள்ள சிறு பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் நின்று வரும்போது தேதியே மாறிவிடுவதுண்டு. இதையும் கவனிக்க வேண்டும்.

மின்சாரமும் கடவுச்சொல்லும்

மின்சாரம் நின்றால் காமிராவும் நிற்கும். திருடுபவன் முதலில் தேடுவது மெயின் சுவிட்சைத்தான். ஆகவே காமிராக்களுக்கும் பதிவு யந்திரத்திற்கும் இன்வெர்ட்டர் அல்லது யு.பி.எஸ். இணைப்பு வேண்டும். பதிவு யந்திரம் காசாளர் மேசைமீது எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், திருடன் அதையும் எடுத்துச் சென்று விடுவான். பூட்டிய தனி அறையோ இரும்புப் பெட்டியோ அதற்கு இடமாக வேண்டும், காற்றோட்டமும் அவசியம்.

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, பூட்டை மாட்டிச் சாவியை அதிலேயே தொங்க விடுவதற்கு ஒப்பாகும். 2016-ஆம் ஆண்டில் "மிராய்" என்னும் தீய நிரல், இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டு உலகெங்கும் எண்ணற்ற காமிராக்களையும் பதிவு யந்திரங்களையும் கைப்பற்றியது. அவற்றை ஏவி அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி நடத்திய தாக்குதலில் பல பெரிய இணையத் தளங்கள் முடங்கின. யந்திரம் பொருத்தப்பட்ட அன்றே, பொருத்தியவர் முன்னிலையில் அல்லாமல், நிர்வாகி ஒருவர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதனை உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கப் பெட்டகத்தில் வைப்பது நல்லது.

விலைப்புள்ளி கேட்கும் முறை

"எட்டுக் காமிரா வேண்டும்" என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கோரினால், மிகக் குறைந்த விலை கூறுபவர் மிகக் குறைந்த பொருளையே தருவார். அதற்கு மாறாக, முன்பு தயாரித்த பட்டியலையே விலைப்புள்ளியில் எழுத வேண்டும். "நூற்கிடங்கு வாயில்: பகலிலும் இரவிலும் முகம் அடையாளம் தெரிய வேண்டும், மீட்டருக்கு 250 புள்ளிகள். எடை மேடை: தராசின் எண் படிக்கத் தக்கதாக வேண்டும், மீட்டருக்கு 1000 புள்ளிகள். பதிவு நாற்பது நாள் தங்க வேண்டும்" என்றவாறு கேட்டால், விலைகளை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிட இயலும்.

இந்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பின்படி, இந்நாட்டில் விற்கப்படும் கண்காணிப்புக் காமிராக்கள் தகவல் பாதுகாப்பு நியமங்களுக்கு உட்பட்டுச் சோதிக்கப்பட்டுப் பதிவு பெற வேண்டும். 2025 ஏப்ரல் முதல் இது நடைமுறைக்கு வந்தது. வாங்கும் மாதிரிக்கு இப்பதிவு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். இரவு விளக்கணைத்து, ஊழியர் ஒருவரைக் கிடங்கு வாயில் வழியே சாதாரணமாக நடக்கச் செய்து, அவரை முன்பின் அறியாத ஒருவரிடம் அப்படத்தைக் காட்டுங்கள். பிறகு ஐந்தாறு பேரை நிறுத்தி, படத்தில் கண்டவர் யார் என்று கேளுங்கள். தயக்கமின்றிச் சுட்டினால் காமிரா தேறியது. இல்லையேல் இடமோ லென்ஸோ மாற்றப்பட வேண்டும். மேலும், ஆண்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவையும், பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு உரிமை யாருக்கு?

காமிரா சங்கத்தின் சொத்து. அதில் விழும் முகங்கள் சங்கத்தின் மக்கள். கூலி வாங்க வரும் நெசவாளியும், பாவு வாங்க வரும் பெண்மணியும், கடன் கேட்டு நிற்கும் விவசாயியும் அதில் பதிவாகின்றனர். அப்பதிவைத் தலைவரோ காரியதரிசியோ தம் கைபேசியில் விருப்பம்போல் பார்த்துக் கொண்டிருப்பதும், பிறருக்கு அனுப்புவதும் முறையல்ல. யார் பார்க்கலாம், எந்தக் காரணத்திற்குப் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்பவற்றை நிர்வாகக் குழு தீர்மானமாக நிறைவேற்றிப் பொதுக்குழுவில் அறிவிக்க வேண்டும். பதிவைப் பார்த்த ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் இருவர் கையொப்பம் வேண்டும். காமிரா உள்ளது என்ற அறிவிப்புப் பலகை வாயிலில் இருத்தல் வேண்டும்.

உடைமாற்றும் அறை, கழிப்பிடம், தாய்மார் குழந்தைக்குப் பாலூட்டும் இடம் ஆகியவற்றை நோக்கிக் காமிரா வைத்தல் எக்காரணத்தாலும் கூடாது. பெண்களை அவ்வாறு படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவின்படி குற்றமாகும். தனிநபர் விவரங்களைக் காப்பதற்காக 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. சங்கங்கள் இதனையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பதிவு நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தால், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுடன் உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். ஆகவே களவு தெரிந்தவுடன் யந்திரத்தைக் கண்டபடி கையாளாமல், பதிவு அழிந்து போகாதபடி செய்து, காவல் நிலையத்திற்கும் துறை அதிகாரிக்கும் தெரிவிப்பதே நலம்.

காமிராவால் ஆகாதவை

இருப்புப் பதிவேட்டை எழுதாத சங்கத்திற்கு எந்தக் காமிராவும் கணக்கு எழுதித் தராது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இருவர் பொறுப்பு என்னும் பழைய முறையை அது அகற்றிவிடாது. எடையில் நேரும் குறைவு, தரத்தில் நேரும் மாற்றம், பொய்ச் சீட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கும் கண்ணும் கணக்குமே கண்டுபிடிக்கும். எப்போது, எந்தப் பொருள், எவ்வளவு குறைந்தது என்று பதிவேடு சொல்ல வேண்டும். அதன் பிறகே அந்த நேரத்தில் யார் வந்தார் என்று காமிரா சொல்ல முடியும். பதிவேடு ஊமையாயின் காமிராவும் ஊமையே.

ஆதலால் சிறிய சங்கம் எட்டுக் காமிராவிற்கு ஆசைப்பட வேண்டுவதில்லை. கிடங்கு வாயிலில் ஒன்று, எடை மேடையில் ஒன்று என்று இரண்டைச் செம்மையாக அமைத்து, வாரந்தோறும் சரக்கைச் சரிபார்த்து வந்தால், அதுவே பெருங்காவல். எடை மேடைக் காமிரா சங்கத்தை மட்டும் காப்பதன்று. "நான் கொடுத்தது இத்தனை கிலோ" என்று சொல்லும் அங்கத்தினரையும் அது காக்கும். இருசாராரையும் ஒருங்கே காப்பதுதான் கூட்டுறவுக்கு உகந்த காவல்.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் எந்தெந்த இடத்தில் என்ன கேள்விக்கு விடை வேண்டும்? பட்டியல் எழுதுக.

2. நம் கிடங்கு வாயிலின் அகலம் எத்தனை மீட்டர்? காமிரா வைக்கத் தக்க இடத்திலிருந்து வாயில் எத்தனை மீட்டர்? அதற்கு எந்த லென்ஸ் பொருந்தும்?

3. நம் சங்கத்தில் சரக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது? அதற்கு எத்தனை நாள் பதிவு வேண்டும்?

4. முன்பே காமிரா இருக்குமாயின், அதன் கடிகாரம் இன்று சரியாக உள்ளதா? கடவுச்சொல் யாரிடம் உள்ளது?

5. பதிவைப் பார்க்கும் உரிமை குறித்து நிர்வாகக் குழுவின் தீர்மானம் உண்டா? இல்லையெனில் அதன் வாசகம் எவ்வாறு அமைய வேண்டும்?

6. முகம் தெளிவாகத் தெரியாத ஒரு படத்தைக் கொண்டு ஊழியர் ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பது நியாயமாகுமா? உங்கள் அபிப்பிராயத்தைக் காரணத்துடன் கூறுக.